கயிறு நழுவவில்லை

அவைத்தலைவர் அவர்களே, அவருக்கு வலப்புறம் அமர்ந்திருக்கிற அரங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் மகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற அம்மா அவர்களே, அவர் பக்கத்தில் தலை நிமிராமல் இருக்கிற தம்பி, இசைக்குழுவினரே, தச்சர்களே, விளக்குக்காரர்களே, பின்பாட்டுப் பாடுகிற நாற்பது பேரே, சீட்டு வாங்கி நாடகம் பார்த்த பெருமக்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இதே அரங்கத்துக்குக் கல்லோடு வந்தவர்களில் யாராவது இன்றும் வந்திருந்தால் அவர்களுக்கும் வணக்கம். அன்றைக்கு நீங்கள் பாதி நாடகத்தில் வந்து பாதியிலேயே போய்விட்டீர்கள். இன்றைக்காவது முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மருமகள் இரண்டு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வைத்து நான் விசிறிக்கொள்ளத்தான் முடியும். ஆனால் ஒருமுறை கேட்டதை நான் மறக்க மாட்டேன். பார்த்ததை மறக்கவே மாட்டேன். இந்தப் பன்னிரண்டு நாளாக எனக்கு அதுதான் தண்டனை.

என்னை முக்கால்வாசிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். அண்ணாந்து பாருங்கள். மேடைக்கு மேலே, அந்த இருட்டில், நாற்பதடி உயரத்தில் ஓர் இரும்புப் பாலம் தெரிகிறதா? முப்பத்தெட்டு வருடமாக நான் நிற்கிற இடம் அது. நிலாவைக் கொண்டுவருகிறவன் நான். மேகத்தை நகர்த்துகிறவன் நான். அரண்மனையைத் தூக்கி மேலே ஒளித்துவைக்கிறவன் நான். இருபத்துநாலு கயிறு. ஒவ்வொன்றிலும் ஒரு துணிக் கிழிசல் கட்டியிருப்பேன், எழுத்துக்குப் பதிலாக. உச்சியிலேயே குடியிருப்பதால் இங்கே எல்லோருக்கும் நான் உச்சாணி.

நாம் பறிகொடுத்தவருக்கும் அப்படித்தான், ஒரு பட்டப்பெயர். சுவரொட்டியில் பெரிய பெயர், பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம். எங்களுக்கு அவர் வெண்கலம். அந்தத் தொண்டையைக் கேட்டவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கி கெட்டுப்போன ஒரு நாள் எண்ணூறு பேருக்கு வெறும் தொண்டையால் பாடினார். கடைசி வரிசைக்காரர் எழுந்து, "அம்மா, கொஞ்சம் மெதுவா" என்றார்.

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அவரைச் சாந்தமே உருவானவர் என்றார்கள். மன்னிக்க வேண்டும். அவர் சாந்தமானவரா? அவர் ஒரு எரிமலை. தாளம் தப்பினால் கையில் இருப்பது பறக்கும். ஒருநாள் செருப்பு, ஒருநாள் தண்ணீர்ச் செம்பு, ஒருநாள் முழு நாற்காலி. நாற்காலி வயலின்காரர் தலைக்கு மேலே போய்ச் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. வயலின்காரர் அசையவில்லை. "வெண்கலம், சுதி சேத்து எறியுங்க, கால் எட்டுக் கட்டைல விழுந்துச்சு" என்றார். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். கோபம் அவருக்கு உண்டு, ஆனால் கோபத்தை ஒளித்துவைத்துப் பிறகு குத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை. இன்றைக்கு எத்தனை பேர் அப்படி இருக்கிறோம்?

இந்த நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானூறு வருடத்துக்கு முந்தின ஒரு கணியரின் கதை. கண்ணாடிக் குழலால் வானத்தைப் பார்த்தவர். நிலா வழவழவென்று இல்லை, மேடும் குழியுமாக இருக்கிறது என்றவர். நாம் நிற்கிற தரைதான் சுற்றுகிறது என்று சொன்னவர். சொன்னதற்காகச் சமய மன்றம் அவரைக் கூண்டில் நிறுத்தியது. அந்தக் கதையை முழுக்கப் பாட்டாக எழுதினார் வெண்கலம். தானே மெட்டுப் போட்டார். வெள்ளைத் தாடி ஒட்டிக்கொண்டு கணியராகத் தானே நின்றார். பெண்பிள்ளை எப்படிக் கிழவர் வேடம் போடுவது என்று கேட்டவர்களுக்கு, "உங்க வீட்டுக் கிழவரவிட எனக்கு முதுகு நல்லா வளையும்" என்றார்.

ஒத்திகை தொடங்கிய மூன்றாம் வாரம் சமயப் பேரவையிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல சட்டை, மெல்லிய பேச்சு. பின்னால் நான்கு பேர், அவர்கள் பேசவே இல்லை. நான் மேலே இருந்தேன். கீழே பேசியது ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. ஒரே ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க."

"எந்த வரிங்க?"

"வானத்துல குழின்னு வருதே."

"வானத்துல இல்ல. நிலாவுல."

"ஏதோ ஒண்ணு."

"ஏதோ ஒண்ணு இல்லீங்க. நீங்க பாத்திருக்கீங்களா? மாடியில குழல் வச்சிருக்கோம். சாயங்காலம் வந்தா காட்டுறேன்."

"எனக்குப் பாக்க வேண்டிய அவசியம் இல்லம்மா."

"அட, எங்க நாடகத்துல நீதிபதிக்கும் இதே வசனம்தான். நீங்க அவரவிட நல்லா சொல்றீங்க. நடிக்க வர்றீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் மேலேயிருந்து சிரித்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. ஒரு தச்சர் மரத்தை அளப்பது மாதிரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, எங்கள் டிரம்ஸ்காரர் பின்கதவு வழியாக உள்ளே வருகிறார். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவன் அவர் வலது கையைக் கதவு இடுக்கில் வைத்தான். மற்றவன் கதவைச் சாத்தினான். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. நான்கு விரல். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அதே நாளில் எங்கள் பித்தளைக் குழலை, கணியர் வானம் பார்க்கிற குழலை, சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கி வாசலில் போட்டிருந்தார்கள்.

வெண்கலம் என்ன செய்தார்? அழுதாரா? புகார் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாரா? மருத்துவமனையில் டிரம்ஸ்காரர் படுக்கையோரம் உட்கார்ந்தார். "இடது கை இருக்கா?" என்றார். "இருக்கு" என்றார் அவர். அன்றைக்கே பதினோரு பாட்டையும் ஒரு கைக்கு மாற்றி எழுதத் தொடங்கினார். கேட்டவர்கள் சொல்லுங்கள், அந்தத் தாளத்தில் ஒரு கை குறைந்ததாகத் தெரிந்ததா? நொண்டி நொண்டி ஒருவன் விடாமல் துரத்தி வருகிற மாதிரி இருந்தது. குழலை அவர் நிமிர்த்தவில்லை. தட்டையான அதே குழலோடு மேடையில் நின்றார். நசுங்கிய குழலில் என்ன தெரியும் என்று கேட்டேன். "நசுக்குனவன் தெரிவான்ணே" என்றார்.

இப்போது கல்லெறியும் காட்சிக்கு வருகிறேன். வராமல் தப்பிக்க முடியாது.

சரித்திரத்தில் கணியர்மேல் யாரும் கல்லெறியவில்லையாம். வெண்கலமே சொன்னார்: "எறியலண்ணே. ஆனா எறியணும்னு கை துடிச்சிருக்கும். நான் அந்தத் துடிப்பக் காட்டுறேன்." இரண்டாம் பாகத்தில், விசாரணை முடிகிற இடத்தில், பழுப்புக் கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு நாற்பது பேர் பார்வையாளர்களுக்கு நடுவே இருக்கிற வழிகளில் பாடிக்கொண்டே வருவார்கள். வந்து கல்லெறிவார்கள். கல் என்றால் பஞ்சுக்கட்டி, மேலே சாம்பல் வர்ணம். எங்கள் வேடக்காரம்மா செய்தது. பட்டால் பூ விழுந்த மாதிரி இருக்கும்.

ஒத்திகையில் நாற்பது பேரும் ஒப்புக்கு எறிந்தார்கள். இவருக்குப் பொறுக்கவில்லை. "குளத்து மீனுக்குப் பொரி போடுறீங்களா?" என்று ஒரு பஞ்சுக்கல்லை எடுத்தார். நேரே தன் தம்பி முகத்தில் விட்டார். இன்னொன்று. இன்னொன்று. தம்பி பின்வாங்கிச் சுவரில் முட்டி நின்றபோதும் விடவில்லை. பிறகு மூச்சிரைக்கத் திரும்பினார். "என் மூஞ்சியப் பாத்தீங்களா? கோவம் மட்டுமா இருந்துச்சு? சந்தோஷம் இருந்துச்சுல்ல? அடிக்கிறவனுக்கு அது வரும். அத மறைக்காம எறிங்க. பாக்குறவன் வெக்கப்படட்டும்." அதற்குப் பிறகு அந்த நாற்பது பேரும் எறிந்த எறியைப் பார்த்து மேலே நின்ற நானே ஓர் அடி பின்வாங்கினேன்.

அந்தக் காட்சி முடிவில் நான் ஒரு வேலை செய்ய வேண்டும். தீத்தடுப்புத் திரை என்று ஒன்று உண்டு. கல்நார்த் துணி, அடியில் கனமான இரும்புக் குழாய். தீப்பிடித்தால் மேடையையும் மக்களையும் பிரிப்பதற்காக வைத்தது. வெண்கலம் அதையே நாடகத்துக்குப் பயன்படுத்தினார். கல் பட்டுச் சரிகிற கணியர் கடைசி வரியை உச்சத்தில் பிடிப்பார். அந்த உச்சம் கேட்டதும் தம்பி பச்சை விளக்கைப் போடுவார். தம்பி எங்கள் மேடை நிர்வாகி. ஓரத்தில் பொத்தான் பலகை அவர் கையில். பச்சை எரிந்ததும் நான் சிவப்புத் துணி கட்டிய கயிற்றை விடுவேன். நான்கு நொடியில் திரை தரையைத் தொடும்.

பச்சை எரியாமல் எந்தக் கயிற்றையும் தொடக்கூடாது. இது இந்த அரங்கின் சட்டம். யார் போட்ட சட்டம்? நான் போட்டது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு நாடகம். தூக்குமேடைக் காட்சி. என்னோடு மேலே நின்ற ஓர் ஆள் கீழே பார்த்தான். தூக்கில் தொங்கிய நடிகர் காலை உதறியது நிஜம் என்று நினைத்துவிட்டான். உத்தரத்தை அப்படியே இறக்கிவிட்டான். நடிகரின் இடுப்பு நொறுங்கியது. அவர் நன்றாக நடித்தது ஒரு குற்றம், இவன் அதை நம்பியது ஒரு குற்றம். நான் அவனை அறைந்தேன். அன்றைக்குச் சொன்னேன்: மேடையில கண்ணால பாக்குறத நம்பாத. விளக்க மட்டும் நம்பு. யாரு செத்தாலும், பச்சை எரிஞ்சாத்தான் கை அசையணும்.

யாரு செத்தாலும் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

நாடகம் அரங்கேறி மூன்றாவது ஞாயிறு. மதியக் காட்சி. ஒரு நாற்காலி காலியில்லை. விசாரணை முடிந்து கூட்டம் பாடத் தொடங்கியது. வாசலில் ஒன்பது பேர் பழுப்புக் கம்பளி முக்காட்டோடு ஓடி வருகிறார்கள். கதவுக்காரர் பிந்தி வந்த நடிகர்கள் என்று நினைத்து, "சீக்கிரம் போங்கய்யா, பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்று கதவைத் திறந்து பிடித்தார். அவரும் இங்கே இருக்கிறார். அவர் அன்றிலிருந்து சோறு தொடவில்லை. கதவுக்காரரே, உங்கள் வேலை கதவைத் திறப்பது, திறந்தீர்கள்.

நான் மேலேயிருந்து தலைகளை எண்ணுகிற பழக்கம் உள்ளவன். நாற்பது இருக்க வேண்டும். நாற்பத்தொன்பது இருந்தது. என் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி எண்ணத் தொடங்கும்போது ஒரு சத்தம். பஞ்சு மரத்தில் விழுந்தால் சத்தம் வராது. மேடைப் பலகையில் டக்கென்று விழுந்து உருண்டது ஒன்று.

இரண்டாவது அவர் முழங்கால் எலும்பில். கால் மடிந்தது. பாட்டு நிற்கவில்லை. மூன்றாவது விலாவில். பாட்டு உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. நான்காவது வாயில். பல் தெறித்து விளக்கு வெளிச்சத்தில் மின்னி விழுந்ததைப் பார்த்தேன். வெள்ளைத் தாடி மார்புவரை சிவந்தது. எங்கள் வேடக்காரம்மா செய்கிற சிவப்பு சர்க்கரைப்பாகில் கரைத்தது. விளக்கில் பளபளக்கும், கருக்காது. இது கருத்தது. நாற்பதடி உயரத்திலிருந்து நான் அந்த வித்தியாசத்தைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்கிறேன். கேட்கிறீர்களா?

நீங்கள் என்ன செய்தீர்கள்? கைதட்டினீர்கள். எழுந்து நின்று கைதட்டினீர்கள். "என்ன நடிப்பு" என்று ஒருவர் கத்தியது எனக்குக் கேட்டது. நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் நாடகம் பார்க்க வந்தவர்கள். எங்கள் நாற்பது பேரும் எறிந்துகொண்டிருந்தார்கள், பக்கத்தில் நிற்பவன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். அவர்களையும் குற்றம் சொல்லவில்லை. தம்பி பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அக்காவின் உச்ச வரிக்குக் காத்திருந்தார். அந்த வரி வந்தால்தான் பச்சை. அந்த வாயில் இனி அந்த வரி எங்கிருந்து வரும்? அவர் பாட வேண்டும் என்று தம்பி காத்திருந்தார். தம்பி பொத்தானை அமுக்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். இத்தனை பேரும் காத்திருந்தது, பேச முடியாத ஒருத்தியின் சைகைக்கு.

பதினேழு மூச்சு. என் மூச்சை நான் எண்ணினேன். பதினேழு மூச்சு அந்தச் சிவப்புத் துணிக் கயிறு என் கையில் இருந்தது. நான்கு நொடி போதுமான வேலைக்கு. பன்னிரண்டாவது மூச்சில் ஒரு கல் அவர் நெற்றிப்பொட்டில் பட்டது. அதற்குப் பிறகு அவர் விழுந்தது நடிப்பு மாதிரி இல்லை. மூட்டை விழுந்த மாதிரி இருந்தது. அப்போதும் பச்சையைத்தான் பார்த்தேன்.

டிரம்ஸ்காரர்தான் முதலில் எழுந்தார். கட்டுப்போட்ட கையோடு மேடையை நோக்கி ஓடி, "நிஜம்டா, நிஜம்டா" என்று கத்தினார். அப்போது ஒருவன் முக்காடு விலக மேடைமேல் கால் வைத்து ஏறுகிறான். கையில் இன்னொரு கல், தேங்காயளவு. விழுந்து கிடப்பவர் தலைக்கு நேராக நடக்கிறான். நான் கயிற்றை விட்டேன். பச்சை எரியவில்லை. விட்டேன்.

திரை இறங்கியது. இரும்புக் குழாய் அவன் தோளில் விழுந்து எலும்பை உடைத்துத் தரையோடு அழுத்தியது. அவன் போட்ட கூச்சலில்தான் கைதட்டல் நின்றது. வெண்கலம் அந்தத் திரைக்குப் பின்னால், இரண்டு முழம் தள்ளிக் கிடந்தார். குழாய் அவர்மேல் படவே இல்லை. மற்ற எட்டுப் பேரும் கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு, உங்களோடு உங்களாக வாசல் வழியாக நடந்து போனார்கள்.

இதுவரை சொன்னது வெண்கலத்தைப் பற்றி. இனி சொல்லப்போவது என்னைப் பற்றி.

நான்காம் நாள் அரங்கச் செயலாளர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். அவர் இதோ, மேடையில் இருக்கிறார். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மேசைமேல் போலீசுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு தாள்.

"உச்சாணி, கல்லுன்னு எழுதுனா கொலை. கொலைன்னா அரங்கத்துக்குப் பூட்டு. நூறு பேரு தெருவுல நிப்பான்."

"வேற என்னன்னு எழுதுறது?"

"கயிறு நழுவுச்சு. குழா விழுந்துச்சு. அந்தம்மா தலையிலயும், பாக்க வந்த ஒருத்தர் தோள்லயும். விபத்து."

"பாக்க வந்தவரா?"

"சீட்டு வாங்கியிருக்காருப்பா. கிழிச்ச சீட்டு சட்டைப்பையில இருந்துச்சு."

"எல்லாரும் என்னயத் திட்டுவாங்களே."

"உனக்கு வயசாச்சு. வயசானவன் கை நழுவுனா யாரு திட்டுவா? பாவம்னு விட்டுடுவாங்க. இல்லேன்னு வையி, அந்தாளு தோள நீ வேணும்னு ஒடச்சதா ஆகும். எழுவத்தொரு வயசுல உள்ள போய் எப்பிடி இருப்ப?"

அந்தத் தாளை எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினார்கள். படிப்பறிவில்லாதவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் இன்றைக்குச் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். என் மருமகளும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. புரிந்துதான் கைநாட்டு வைத்தேன். பயந்தேன்.

நாடகத்தில் கணியரும் கையெழுத்துப் போடுவார். நான் சொன்னதெல்லாம் தப்பு என்று. ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடத்தில் எனக்கு எரிச்சல் வரும். "அந்தக் கிழவன் ஏம்மா போடுறான்? போடாம செத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். வெண்கலம் சிரித்தார். "ஒங்க கையில சூடு வச்சா நீங்களும் போடுவீங்கண்ணே" என்றார். என் கையில் யாரும் சூடுகூட வைக்கவில்லை. ஒரு மின்விசிறி போட்ட அறை, உட்கார நாற்காலி, இரண்டு பிஸ்கட். அதற்கே வைத்துவிட்டேன்.

ஏழாம் நாள் அம்மா என் வீட்டுக்கு வந்தார். இதோ முன்வரிசையில் இருக்கிற இந்த அம்மாதான். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"என் மக தலையில விழுந்தது ஒன் கயிறாப்பா?"

நான் பதில் சொல்லவில்லை.

"நீதான்னா நீதான்னு சொல்லிடு. ஒரு ஆள் மேல கோவப்பட்டுட்டு நான் தூங்கிருவேன். கல்லுன்னா கல்லுன்னு சொல்லு. ரெண்டும் சொல்லாம என்னய நடுவுல நிறுத்தாத."

நான் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தில் துப்பிவிட்டுப் போனார். அதை நான் உடனே துடைக்கவில்லை.

அம்மா, இப்போது பதில் சொல்கிறேன். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். கயிறு நழுவவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் நழுவியதில்லை, அன்றைக்கும் நழுவவில்லை. உங்கள் மகளைக் கொன்றது கல். நெற்றிப்பொட்டில் பட்ட ஐந்தாவது கல். எறிந்தவன் மேடைக்கு இடது வழியில், மூன்றாம் வரிசையோரம் நின்றான். முக்காடு விலகியிருந்தது. இடது கைக்காரன். எங்கே பார்த்தாலும் அடையாளம் காட்டுவேன். அந்த நான்கு பேரில் ஒருவன் அவன், பேரவைக்காரர் பின்னால் பேசாமல் நின்ற நான்கு பேரில்.

ஆனால் என் கயிற்றுக்கும் இதில் பங்கு உண்டு, அம்மா. அது விழுந்து கொல்லவில்லை. விழாமல் கொன்றது. பன்னிரண்டாவது மூச்சுக்கு முன்னால் நான் விட்டிருந்தால் உங்கள் மகள் பல் போனவளாக, கால் முடமானவளாக, இதே நாற்காலியில் உட்கார்ந்து யார் மேலாவது செருப்பு எறிந்துகொண்டிருப்பாள். நீங்கள் கோபப்பட ஓர் ஆள் வேண்டும் என்றீர்கள். எறிந்தவன்மேல் படுங்கள். மிச்சம் இருந்தால் என்மேல் படுங்கள். உங்கள் மகன்மேல் மட்டும் வேண்டாம். தம்பி, நிமிர்ந்து பார். நீ சட்டப்படி காத்திருந்தாய். சட்டம் என்னுடையது.

இன்னும் ஒன்று பாக்கி. செயலாளர் ஐயா, நீங்கள் கையைக் காட்டி உட்காரச் சொல்வது தெரிகிறது. முடித்துவிடுகிறேன்.

அந்த ஆளின் தோள். கயிற்றில் பிடிகட்டை உண்டு. அழுத்தினால் திரை நடுவில் நிற்கும். கீழே ஆள் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பிடிகட்டையில் என் கால் இருந்தது. அழுத்தவில்லை. காப்பாற்றத்தான் விட்டேன் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, அவன் மண்டை உடைய வேண்டும் என்று விட்டேன். அவன் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்ததால் தோளோடு போயிற்று. குழாய் விழுந்த அந்த நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நான் மறுபடியும் ஒரு தாளில் கைநாட்டு வைக்கிறேன் என்று அர்த்தம். உயிரோடு இருக்கிற ஒருவனின் எலும்பு ஒடிந்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறேன். அவனும், அவனோடு வந்த எட்டுப் பேரும், அனுப்பியவரும் அவரவர் பங்குக்குச் சொல்லட்டும்.

பெருமக்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். நேற்று மதியம் நாங்கள் எல்லோரும், தச்சர் முதல் வேடக்காரம்மா வரை, ஒத்திகை அறையில் கூடிப் பேசினோம். வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு நாடகம் நடக்கும். அரங்கத்தைப் பூட்டினால் வாசலில் நடக்கும். வாசலை மறித்தால் தெருவில் நடக்கும். ஒரு வரி குறையாது. நிலாவில் குழி அங்கேயே இருக்கும். கல்லெறியும் காட்சியும் இருக்கும். பின்பாட்டுக்காரர்களில் ஒரு பெண் கணியர் வேடம் கட்டுகிறாள். அந்தக் குரல் வெண்கலம் இல்லை, அவளே சொல்லிவிட்டாள். "எனக்கு அவ்ளோ தொண்டை இல்ல. பயம் இருக்கு. ரெண்டையும் வச்சுப் பாடுறேன்" என்றாள். டிரம்ஸ்காரர் ஒரு கையால் வாசிப்பார்.

சட்டம் மட்டும் மாறுகிறது. பச்சை விளக்கு இனி திரையை ஏற்றுவதற்கு மட்டும். இறக்குவதற்கு யாருடைய கண்ணும் போதும். மேலே நிற்பவர், கீழே நிற்பவர், கதவில் நிற்பவர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர், யார் பார்த்து "நிஜம்" என்று சொன்னாலும் திரை விழும். நூறு முறை தப்பாக விழட்டும். நூறு முறை நாடகம் கெடட்டும். கைதட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும், உயிரோடு எல்லோரும் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மேலே நான் இருப்பேனா தெரியாது. விளக்குக்காரம்மாவுக்கு இருபத்துநாலு கயிறும் சொல்லிக் கொடுத்தாயிற்று. என்னைவிட அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

கதவோரம் நிற்கிற இன்ஸ்பெக்டர் ஐயா, நான் பேசத் தொடங்கியபோது நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது எழுந்து நிற்கிறீர்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்து வையுங்கள். கல்லைப் பற்றியும் எழுத வேண்டும், தோளைப் பற்றியும் எழுத வேண்டும், கொஞ்சம் நேரமாகும். நீங்கள் மேடைக்கு ஏறி வர வேண்டாம். படி இடதுபக்கம் இருக்கிறது. நானே இறங்கி வருகிறேன்.